மடியில் ஒரு மடக்குக் கத்தி

கீழ்பென்னாத்தூரில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



பர்வதமலைக்கும் ஜவ்வாது மலைக்கும் போய்வருகிற நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர் போன மாதம் என்னைத் தேடி வந்தார்கள். "ஐயா, மடக்குக் கத்தி ஒன்று வாங்கணும். எது நல்லது?" என்று கேட்டார்கள். கையில் செல்போன். அதில் வரிசையாகக் கத்திப் படங்கள். ஒன்று கறுப்பு, ஒன்று வானவில் நிறம், ஒன்றில் முதலைப் பல் மாதிரி ரம்பம். வாசலில் நின்றபடியே பதில் சொல்லி அனுப்பிவிடலாம் என்று வாயெடுத்தேன், முடியவில்லை. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. அந்தப் பதிலைத்தான் இன்று உங்கள் முன்னால் சொல்ல வந்திருக்கிறேன்.

என் அப்பா கொல்லர். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் எங்கள் பட்டறை இருந்தது. துருத்தி ஊதித்தான் நான் வளர்ந்தேன். அப்பாவின் அரைஞாண் கயிற்றில் விரல் நீளத்துக்கு ஒரு மடக்குக் கத்தி எப்போதும் தொங்கும். அவரே அடித்தது. மாட்டுக்கொம்புப் பிடி, அலகு லாரிக் கமான் பட்டையில் செய்தது. பட்டறையில் பெரிய பெரிய அரிவாளும் கொடுவாளும் அடித்துக் குவிப்பார், ஆனால் தனக்கென்று அவர் வைத்துக்கொண்டது அந்தச் சின்னக் கத்தி ஒன்றைத்தான்.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். மல்லாட்டைக் கொல்லை ஓரத்தில் கட்டியிருந்த கன்றுக்குட்டி, நைலான் கயிற்றில் சுற்றிக்கொண்டு விழுந்துவிட்டது. இழுக்க இழுக்கக் கயிறு கழுத்தை இறுக்கியது. நாக்கு வெளியே வந்துவிட்டது. பக்கத்து நிலத்துக்காரர் அரிவாளோடு ஓடி வந்தார். அரிவாளை எங்கே வைத்து வெட்டுவது? கயிறு தோலுக்குள் புதைந்து கிடக்கிறது. அப்பா கன்றின் தலையை முழங்காலுக்கு நடுவே அணைத்துப் பிடித்தார். கத்தியைத் திறந்தார். அலகின் முதுகைத் தோலோடு ஒட்டவைத்து, நுனியைக் கயிற்றுக்கு அடியில் மெதுவாக நுழைத்தார். வாய் வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி ஒரே இழுப்பு. கயிறு விட்டது. கன்றின் கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. எழுந்து நின்று உடம்பை உதறிக்கொண்டது.

இந்தச் சம்பவத்தில் இருந்துதான் மற்றதெல்லாம் எனக்குப் புரிந்தது. கத்தி கையெட்டும் தூரத்தில் இருந்தது. சின்னதாக இருந்ததால் நுழைய வேண்டிய இடத்தில் நுழைந்தது. கூராக இருந்ததால் ஒரே இழுப்பில் வேலை முடிந்தது. மழுங்கின கத்தியாக இருந்திருந்தால் அப்பா அழுத்தியிருப்பார், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் கன்று போயிருக்கும். அந்தக் கூர் எங்கிருந்து வந்தது? வாரம் ஒருமுறை திண்ணையில் உட்கார்ந்து அவர் தீட்டியதிலிருந்து வந்தது. ஆகவே தம்பிமார்களே, கத்தி வாங்கப் போகும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இந்தக் கத்தியை என் வீட்டில், என் கையால், நானே தீட்டிக்கொள்ள முடியுமா?

மடக்குக் கத்தி என்றாலே வெளிநாட்டுச் சரக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இன்னும் சிலருக்கு சினிமாவில் வில்லன் 'டக்' என்று விரிக்கிற ராம்பூரிக் கத்திதான் ஞாபகத்துக்கு வருகிறது. இரண்டுமே நம்மைச் சரியாகக் காட்டவில்லை. நம் பாட்டன்மார்கள் மடியில் இருந்தது மடக்கெழுத்தாணி. உ.வே.சாமிநாதையர் தம் 'என் சரித்திர'த்தில் எழுத்தாணி வகைகளைச் சொல்லும்போது குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணியோடு இந்த மடக்கெழுத்தாணியையும் சொல்லுகிறார். ஒரு பிடி. அதன் ஒரு முனையில் ஓலையில் எழுதும் ஊசி, இன்னொரு முனையில் ஓலையை வாரவும் நறுக்கவும் ஒரு கத்தி. இரண்டையும் மடக்கிப் பிடிக்குள் வைத்துக்கொள்ளலாம். கிராமத்துக் கணக்குப் பிள்ளையும் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் அதை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார்கள். ஒரு பிடிக்குள் இரண்டு கருவி என்னும் யோசனை நமக்குப் பழையது. தமிழன் மடியில் இருந்த மடக்குக் கத்தி எழுத்து வேலைக்காரன் கருவியாக இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.

இன்னொரு கதை சொல்ல வேண்டும். அது இரும்பைப் பற்றியது. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டத்துக் கவுத்தி மலையிலும் வேடியப்பன் மலையிலும் இரும்புத் தாது கிடப்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் எஃகு உருக்கும் வேலையும் பழையதுதான். பழைய தென்னாற்காடு மாவட்டத்து மேல்சிறுவளூரில், பழங்காலத்தில் மூசையில் எஃகு உருக்கிய இடம் ஒன்றை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் கண்டறிந்து 1990களில் எழுதினார். உமி கலந்த களிமண்ணில் சின்ன மூசை பிடிப்பார்கள். அதில் இரும்புத் துண்டுகளைப் போடுவார்கள். சேலம் பக்கத்து முறையைப் பார்த்து எழுதிவைத்த வெள்ளைக்காரர் குறிப்பில், கூடவே என்ன போட்டார்கள் என்பதும் இருக்கிறது: காய்ந்த ஆவாரங்கட்டையைச் சீவிய துண்டுகள், மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை. மூசையின் வாயை மண்ணால் அடைத்து, அடுப்பில் அடுக்கி, துருத்தி ஊதுவார்கள். கட்டையிலும் இலையிலும் இருக்கிற கரி இரும்புக்குள் ஏறி அது எஃகாகிவிடும். இந்த ஊர் எல்லையில் நாம் கால்நடையாகத் தாண்டிப்போகிற ஆவாரையும் எருக்கும்தான்! அந்த எஃகில் நூற்றுக்கு ஒன்றரை அளவுக்குக் கரி இருக்கும். உலகம் அதை 'வூட்ஸ்' என்று அழைத்தது. உக்கு, உருக்கு என்ற நம் பக்கத்துச் சொல்லின் சிதைவு அது என்பார்கள்.

1794இல் பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்காட் என்ற மருத்துவர் இந்த எஃகுக் கட்டிகள் சிலவற்றை லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். அவர்கள் அதை ஜார்ஜ் பியர்சன் என்பவரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொன்னார்கள். அவருடைய கட்டுரை 1795இல் அங்கே வாசிக்கப்பட்டது. அந்தச் சோதனையில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரர் அந்தக் கட்டியில் ஒரு துண்டை எடுத்து அடித்து ஒரு பொருள் செய்து பார்த்தார். என்ன பொருள் தெரியுமா? ஒரு பேனாக் கத்தி! அன்றைக்குப் பேனா என்றால் பறவை இறகு. அந்த இறகைச் சீவும் சின்னக் கத்திதான் பேனாக் கத்தி. மிகச் சிறந்த எஃகுக் கத்திக்கு நிகராக அது வெட்டியது என்று எழுதிவைத்தார்கள். பிறகு இதே ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து இந்த எஃகின் இரகசியம் தேடினவர் மைக்கேல் ஃபாரடே, மின்சாரத்தில் பெரும் பெயர் பெற்றவர். அவரும் ஒரு கொல்லர் மகன். எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவங்க அப்பா என்ன அடிப்பாராம்?" என்று கேட்டார்.

பரங்கிப்பேட்டையில் 1830களில் இரும்பாலை நடத்தின ஜோசையா ஹீத் என்பவர் அதில் லாபம் காணவில்லை. ஊர் திரும்பி 1839இல் மாங்கனீசு சேர்த்து எஃகு உருக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். கத்திக்குப் பேர்போன ஷெஃபீல்டு நகரம் அந்த முறையால் செழித்தது, அவருக்கு வழக்குச் செலவுதான் மிஞ்சியது. இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கத்தியின் உயிர் எஃகில் இருக்கிறது. அந்த எஃகைப் பற்றி அலட்சியமாக இருக்க நமக்கு உரிமை கிடையாது.

சரி, கடைக்குப் போவோம்.

எஃகில் இரண்டு குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கரி எஃகு, அப்பா அடித்த கத்தி மாதிரி. சீக்கிரம் தீட்டலாம், நல்ல கூர் வரும், ஆனால் துருப்பிடிக்கும். எலுமிச்சம்பழம் அறுத்துத் துடைக்காமல் வைத்தால் மறுநாள் காலையில் கறுத்திருக்கும். அந்தச் சாம்பல் நீலக் கறுப்பு வந்தால் பயப்படாதீர்கள், அது ஒரு போர்வை மாதிரி கத்தியைக் காக்கும். செந்துரு மட்டும்தான் எதிரி. இன்னொன்று துருப்பிடிக்காத எஃகு, குரோமியம் சேர்த்தது. 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி கண்ட வழி அது. வியர்வைக்கும் மழைக்கும் தாங்கும். இதில் மட்டமானது ரொம்ப மெத்தென்று இருக்கும், நாலு மூட்டை பிரிப்பதற்குள் மழுங்கிவிடும். ரொம்பக் கெட்டியாகப் பதம் வைத்ததும் உண்டு, மாதக்கணக்கில் கூர் நிற்கும், ஆனால் மழுங்கின பிறகு நம் வீட்டுக் கல்லில் அசையாது, வைரத்தூள் ஒட்டிய தகடு வேண்டும். கெட்டித்தனத்தை ராக்வெல் என்று ஓர் அளவில் சொல்வார்கள். சுவிஸ் நாட்டு விக்டோரினாக்ஸ் கத்தி ஏறத்தாழ 56இல் நிற்கிறது. உலகம் முழுக்கப் பேர் வாங்கின கம்பெனி ஏன் 62க்குப் போகவில்லை? வாங்கினவன் தன் வீட்டில் தீட்டிக்கொள்ள வேண்டும் என்பதால்தான் என்று நான் நினைக்கிறேன். 55 முதல் 58 வரை நம் கைக்குப் போதும். கடைக்காரர் எஃகின் பெயரே சொல்லத் தெரியாமல் "ஜப்பான் ஸ்டீல் சார்" என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

நீளத்தைப் பற்றி. தம்பிமார்கள் காட்டின படங்களில் பாதி, சாண் நீளக் கத்திகள். எதற்கு? நீங்கள் செய்யப்போகும் வேலையை எண்ணிப் பாருங்கள். யூரியா மூட்டைத் தையலைப் பிரிப்பது, சொட்டுநீர்க் குழாயை வெட்டுவது, மோட்டார் ஒயரின் மேல்தோலைச் சீவுவது, கொய்யாப்பழம் நறுக்குவது, வாழைநார் கிழிப்பது, மலையில் கூடாரக் கயிறு அறுப்பது, காலில் ஏறின முள்ளைக் கிளறுவது. இதில் ஒன்றுக்காவது உள்ளங்கை அகலத்தைத் தாண்டின அலகு வேண்டுமா? ஏழிலிருந்து எட்டரை சென்டிமீட்டர் போதும். விறகு வெட்டவும் இளநீர் சீவவும் அரிவாள் இருக்கிறது, அந்த வேலையை மடக்குக் கத்தியிடம் கேட்காதீர்கள். அலகின் முதுகு இரண்டு, இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் கனமாக இருந்தால் பழம் நறுக்கும்போது வெட்டாது, பிளக்கும். ரம்பப் பல் கயிற்றுக்கு நல்லது, ஆனால் அதை வீட்டில் தீட்ட வராது. முதல் கேள்வியிலேயே அது தோற்றுவிடுகிறது.

இந்த அளவுக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பிரான்சு நாட்டு மலைப்பகுதி சவோயில் ஜோசப் ஒப்பினெல் என்று ஒருவர். அவர் வீட்டார் விவசாயக் கருவி செய்கிறவர்கள், எங்களைப் போல. 1890இல் அவர் ஒரு மடக்குக் கத்தி செய்தார். ஒரு மரப்பிடி, ஒரு அலகு, ஓர் ஆணி, ஆணியைத் தாங்க ஓர் இரும்பு வளையம். பிறகு 1955இல் அந்த வளையத்தின்மேல் சுழலும் இன்னொரு வளையம் சேர்த்தார்கள், அதைத் திருகினால் அலகு மடங்காது. சின்னதிலிருந்து பெரியது வரை எண் போட்டு விற்கிறார்கள். எட்டாம் எண் கத்தியின் அலகு எட்டரை சென்டிமீட்டர். அங்கே திராட்சைத் தோட்டக்காரர் ரொட்டி அறுக்கவும் அது உதவும். முன்னே சொன்ன சுவிஸ் கத்தியோ ஒரு தாயை நினைவில் வைத்திருக்கிறது. கார்ல் எல்சனர் 1884இல் இபாக் என்ற ஊரில் பட்டறை போட்டார். ஆபீசர்களுக்கான கத்தியை 1897இல் பதிவு செய்தார். அம்மா விக்டோரியா காலமான பிறகு அவர் பெயரையே கம்பெனிக்கு வைத்தார். இவற்றைப் புகழ வரவில்லை. இவற்றின் உருவத்தைப் பாருங்கள் என்கிறேன். மிரட்டுகிற தோற்றம் எதிலாவது இருக்கிறதா? வேலைக்காரன் கருவிக்கு வேலைக்காரன் முகம்தான் இருக்கும்.

இப்போது பூட்டு. இதில் என் விரல் சாட்சி.

இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு திருவிழாக் கடையில் பளபளப்பான மடக்குக் கத்தி ஒன்று வாங்கினேன். பூட்டுக் கிடையாது, பின்பக்கத்து வில் மட்டும்தான் அலகைப் பிடித்து நிறுத்தும். செருப்பு வாரில் ஓட்டை போட வேண்டியிருந்தது. கத்தி நுனியை வாரில் ஊன்றி அழுத்தித் திருகினேன். வில் விட்டது, அலகு மடங்கியது, ஆள்காட்டி விரலின் இரண்டாம் கணுவில் இறங்கியது. நாலு தையல். குளிர்காலத்தில் அந்தக் கணு இன்றும் சரியாக மடங்காது. கத்தியைக் குறை சொல்ல மாட்டேன். வில் கத்தி இழுத்து அறுக்கச் செய்தது, நுனியால் குத்தச் செய்ததில்லை. நான்தான் அது செய்யாத வேலையை அதனிடம் வாங்கப் பார்த்தேன்.

ஆகவே பழம் நறுக்கவும் கடிதம் பிரிக்கவும் மட்டும் என்றால் வில் கத்தி போதும். மலைக்கும் கொல்லைக்கும் என்றால் பூட்டு வேண்டும். பூட்டில் பல வகை. முதுகில் அழுத்தி விடுவிப்பது ஒன்று. பிடிக்குள்ளே இருக்கிற மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியில் முட்டுக் கொடுப்பது ஒன்று. வளையம் திருகுவது ஒன்று. கடையிலேயே சோதித்துப் பாருங்கள். கத்தியைத் திறந்து பூட்டுங்கள். அலகு மடங்கும் பாதையில் விரல் இல்லாதபடி பிடியைப் பற்றிக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து மெதுவாக, பிறகு கொஞ்சம் கனமாக அழுத்துங்கள். அடிக்கக் கூடாது, அழுத்த வேண்டும். விட்டுக்கொடுத்தால் வைத்துவிட்டு வாருங்கள். அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆணி தளர்ந்திருந்தால் ஆடும். மூடினபடி கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், அலகு பிடிக்கு நடுவில் படுத்திருக்க வேண்டும், ஒரு பக்கத் தகட்டில் உராயக் கூடாது. இடதுகைக்காரர்களே, தகட்டுப் பூட்டு பெரும்பாலும் வலதுகைக் கட்டைவிரலுக்கு அமைத்தது. உங்கள் கையால் மூடிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

ஒரு கையால் திறக்கிற வசதி நல்லதா என்று ஒரு தம்பி கேட்டார். நல்லதுதான். கன்றை ஒரு கையில் பிடித்தவனுக்கு இன்னொரு கைதான் மிச்சம். ஆனால் பொத்தானை அழுத்தினால் பாய்ந்து வெளியே வருகிற வகை வேண்டாம். அதற்கு நம் வேலையில் இடமில்லை, போலீஸ்காரர் பார்த்தால் நமக்குப் பதிலும் இல்லை.

பிடியைப் பற்றி ஒரு வார்த்தை. முழுக்க இரும்பால் ஆன பிடி படத்தில் அழகாக இருக்கும். மல்லாட்டை பிடுங்கிய சேற்றுக் கையோடு, சித்திரை வெயிலில் வியர்வையோடு அதைப் பிடித்துப் பாருங்கள், மீன் மாதிரி நழுவும். மரமோ சொரசொரப்பான பிளாஸ்டிக்கோ நல்லது. சிவப்பு, ஆரஞ்சு நிறப் பிடி இன்னும் நல்லது. புல்லில் விழுந்த கறுப்புக் கத்தியை நான் இரண்டு தடவை தொலைத்திருக்கிறேன்.

இனி நான் மனசுக்குள் பொத்திவைத்திருந்த பகுதிக்கு வருகிறேன். தீட்டுதல்.

சைக்கிளில் வருகிற சாணைக்காரரை நான் மதிக்கிறேன், அரிவாள்மனைக்கு அவர் போதும். ஆனால் காய்ந்த சக்கரத்தில் மெல்லிய அலகைக் கொடுத்தால் வாய் சுடும். எஃகைச் சூடாக்கினால் முதலில் வைக்கோல் மஞ்சள் வரும், அது 220 பாகை செல்சியசுக்குப் பக்கம். இன்னும் சுட்டால் நீலம் வரும், ஏறத்தாழ 300. வாயில் நீலம் வந்துவிட்டால் கொல்லர் பழுக்கக் காய்ச்சித் தோய்த்து, அதாவது துவைச்சல் போட்டு, ஏற்றின பதம் அந்த இடத்தில் போய்விட்டது என்று பொருள். அதற்குப் பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. ஆகவே கையால், கல்லில், தண்ணீர் விட்டு.

இரண்டு பக்கம் உள்ள கார்போரண்டம் கல் நம் ஊர் இரும்புக் கடையிலேயே கிடைக்கும். ஒரு பக்கம் கரகரப்பு, ஒரு பக்கம் நைசு. ஈரத்துணியை விரித்து அதன்மேல் கல்லை வையுங்கள், நகராது. அலகைக் கல்லில் படுக்கவைத்து, முதுகை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். எவ்வளவு? அலகின் அகலம் 2 சென்டிமீட்டர் என்றால் முதுகு கல்லிலிருந்து 7 மில்லிமீட்டர் உயர வேண்டும், அது சுமார் 20 பாகைச் சரிவு. அந்தச் சரிவு மாறாமல், கல்லின் மேல்தோலை மெல்லிசாகச் சீவி எடுப்பது போல வாயை முன்னால் தள்ளுங்கள். பத்து முறை. பிறகு மறுபக்கத்து வாயில் விரல் நுனியைக் குறுக்காக, முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகத் தடவிப் பாருங்கள். விரலில் மெல்லிய பிசிறு தட்டும். அந்தப் பிசிறு அடியிலிருந்து நுனி வரை தொடர்ச்சியாக வரும் வரைக்கும் அடுத்த பக்கம் போகக் கூடாது. நம்மவர்கள் தோற்பது இங்கேதான். பிசிறு வருவதற்கு முன்னாலேயே பக்கம் மாற்றி மாற்றித் தேய்த்து, அரைமணி நேரம் கழித்து "கல்லு சரியில்லை" என்பார்கள். இரண்டு பக்கமும் பிசிறு எழுந்த பிறகு நைசுப் பக்கத்தில் அழுத்தமில்லாமல் மாறி மாறி நாலு இழுப்பு. கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டில் வாயைப் பின்னால் விட்டு இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். செய்தித்தாளை ஒரு கையில் தொங்கவிட்டு நறுக்கிப் பாருங்கள், கிழியாமல் அறுபட வேண்டும்.

கல் இல்லாத இடத்தில்? பீங்கான் காப்பிக் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகில்லாத வளையம் இருக்கும், அவசரத்துக்கு அதில் நாலு இழுப்பு போதும். பனையேறிகள் ஒரு பலகையில் வெங்கச்சங்கல் தூளைத் தூவிப் பாளை அரிவாளைத் தீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தூள் பலகையில் தீட்டின அரிவாள் பாளையைச் சீவும்போது சத்தமே வராது. அந்தக் கைப்பழக்கத்துக்கு முன்னால் நான் மாணவன்தான்.

வேலை முடிந்ததும் கத்தியைக் கழுவித் துடைத்து, ஆணி மேல் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காயெண்ணெய் ஆணியில் நாளாக ஆகப் பிசின் மாதிரி பிடித்துக்கொள்ளும். கொல்லையில் விழுந்த கத்தியை மண்ணோடு மடக்காதீர்கள். மணல் உள்ளே போனால் ஆணி ஓட்டை தேய்ந்து அலகு ஆட ஆரம்பிக்கும்.

சட்டம் பற்றிக் கேட்டார்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள கத்தி வகைகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்ததற்கு விலக்கு உண்டு. நாம் பேசுகிற கத்தி அந்த அளவில் பாதிகூட இல்லை. ஆனாலும் இடம் பார்க்க வேண்டும். விமானத்தில் கைப்பையில் வைக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் கொண்டுபோகக் கூடாது. கிரிவலத்துக்கும் கார்த்திகை தீபக் கூட்டத்துக்கும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். லட்சக்கணக்கில் மக்கள் நெருக்கும் இடத்தில் மடியில் அலகு எதற்கு? வாய்ச்சண்டை வரும் இடத்துக்கும் எடுத்துப் போகாதீர்கள். தற்காப்புக்கு என்று கத்தி வாங்குகிறவர் இங்கே யாராவது இருந்தால், அந்த எண்ணத்தோடு வாங்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பயத்தில் விரித்த கத்தி எவர் உடம்பில் இறங்கும் என்று விரித்தவனுக்கே தெரியாது.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். பாம்பு கடித்தால் அந்த இடத்தைக் கத்தியால் கீறாதீர்கள். கீறி வாயால் உறிஞ்சுவது சினிமா. கண்ணாடி விரியன் கடித்திருந்தால் விஷம் ரத்தத்தை உறையவிடாது, நீங்கள் கீறின காயத்திலிருந்து ரத்தம் நிற்காமல் போகும். கயிற்றால் இறுக்கியும் கட்டாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், 108க்குச் சொல்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மாற்று மருந்து அங்கே இருக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கத்திக்கு ஒரு வேலை உண்டு: வீங்கப்போகிற கையில் இறுகியிருக்கிற வளையல் கயிற்றையும் சட்டைக் கையையும், கன்றின் கழுத்துக் கயிற்றை அப்பா அறுத்தாரே, அதே மாதிரி முதுகைத் தோலோடு ஒட்டி அறுப்பது.

அப்பாவின் கத்தி இப்போது என்னிடம் இருக்கிறது. தீட்டித் தீட்டி அலகு பாதியாகிவிட்டது. கொம்புப் பிடியில் அவர் கட்டைவிரல் பட்ட இடம் பள்ளமாக இருக்கிறது, என் விரல் அதில் சரியாக உட்காருகிறது. போன ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்த பொட்டு இன்னும் போகவில்லை.

நேரமாகிவிட்டது. வரும்போது வீட்டிலிருக்கும் கத்திகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன், நிறையப் பேர் கொண்டுவந்திருக்கிறீர்கள். கல் மேசை மேல் இருக்கிறது. தம்பி, அந்தச் சொம்பில் தண்ணீர் பிடித்து வா. துணியை நனைத்து விரி. பின்வரிசையில் பூ கட்டும் அம்மா ஒருவர் நார் நறுக்குகிற கத்தி வைத்திருக்கிறார்கள், முதலில் அதை எடுத்துக்கொள்வோம். அம்மா, நீங்களே முன்னால் வாருங்கள். கல்லை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன்.